மரவாத்தும் சூரன்போரும்

எங்கள் முதியோர் மன்றத்தின் ஆண்டு மலருக்கு வேலை அனுபவம் எழுதித் தரும்படி கேட்ட தம்பி, தொலைபேசியை வைக்கமுன் ஒரு வேண்டுகோளும் வைத்தார். "அன்ரி, பட்டறை வேலையைப் பற்றி எழுதுங்கோ. குளிரிலை பட்ட கஷ்டத்தை எழுதுங்கோ. அந்த வாத்துச் சுடப் போன கதையை மட்டும் விட்டிடுங்கோ. சனம் ஒரு மாதிரிக் கதைக்கும்."

சனம் தொண்ணூறுகளில் கதைக்கத் தொடங்கியது. இன்னும் அதற்கு வாய் நோகவில்லை. ஆகவே அந்தக் கதையைத்தான் எழுதப் போகிறேன். குளிரைப் பற்றி வேறு யாராவது எழுதட்டும், குளிர் எல்லோருக்கும் ஒன்றுதான்.

நான் செய்த தொழில் மரவாத்துச் செதுக்குவது. அழகுக்கு அலுமாரியில் வைக்கிற வாத்து இல்லை. வேட்டைக்காரர் அவற்றைத் தண்ணீரில் மிதக்கவிட்டு நாணலுக்குள் மறைந்திருப்பார்கள். மேலே பறக்கும் வாத்துகள் தங்கள் இனம் கீழே இளைப்பாறுகிறது என்று நம்பி இறங்கும். இறங்கும்போது வெடி விழும். ஏமாற்று வேலைதானே என்பீர்கள். ஓம், ஏமாற்று வேலைதான். தூண்டிலில் புழுக் குத்துவதும் அதே வேலைதான். ஞாயிறு தவறாமல் நண்டுக்கும் கணவாய்க்கும் வரிசையில் நிற்பவர்கள் எனக்குப் புத்தி சொல்ல வரவேண்டாம்.

பழகிய கதையைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். என் ஐயா யாழ்ப்பாணத்தில் கோயில் வாகனங்கள் செய்தவர். என் தம்பிக்கு உளி பிடிக்கக் கற்றுக் கொடுத்தார். எனக்கு அரத்தாள் தேய்க்கவும் வர்ணம் அடிக்கவும் மட்டும் அனுமதி. "பொம்பிளை உளி பிடிச்ச வாகனத்திலை சுவாமி ஏறாது" என்பார். தம்பிக்குப் பொறுமை இல்லை. அவன் பாதியில் விட்ட இறகுகளை ஐயா இல்லாத நேரம் நான்தான் செதுக்கி முடிப்பேன். சுவாமி அதில் ஏறித்தான் வீதிவலம் வந்தது, ஒரு குறையும் நடக்கவில்லை. பிறகு சண்டை, ஓட்டம், அகதி விண்ணப்பம். கல்யாணம் முடித்து இவரோடு கனடாவில், ஸ்காபுறோவில் ஒரு நிலக்கீழ் வீட்டில் குடியேறினேன்.

ரூஜ் ஆற்றுப் பக்கமாக இருந்த ஒரு மரவாத்துப் பட்டறையில் தேய்க்கவும் வர்ணம் அடிக்கவும் ஆள் தேவை என்று கேள்விப்பட்டுப் போனேன். மறுபடியும் தேய்ப்பும் வர்ணமும்தான். ஆனால் பட்டறைக்காரர் நோர்மன் என் கையில் இருந்த பழைய உளிக்காயத்தைப் பார்த்தார். எந்த மரம் என்று கேட்டார். வேம்பும் பலாவும் என்றேன். தலையை ஆட்டிவிட்டு ஒரு ஏப்ரனைத் தந்தார். நேர்முகம் அவ்வளவுதான்.

நோர்மன் பேசாத மனிதர். நல்லது என்றும் சொல்லமாட்டார், கெட்டது என்றும் சொல்லமாட்டார். நாம் செதுக்கிய வாத்துத் தலையைக் கையில் வாங்கி, கண்ணை மூடிக்கொண்டு பெருவிரலால் அலகிலிருந்து பிடரிவரை தடவுவார். பிடித்தால் தலை அவருடைய கோட்டுப் பைக்குள் போகும். பிடிக்காவிட்டால் விறகடுப்புக்குள் போகும். ஏன் என்று கேட்டால், அடுப்பைக் காட்டிக் குளிர்காயச் சொல்வார். வெட்கம் கெட்டவர்கள்தான் அங்கே நிலைத்து நிற்க முடியும். எனக்கு அந்தக் குணம் போதுமான அளவு இருந்தது.

வேலை முறை இதுதான். உடலுக்குச் சீடர் மரம். இரண்டு பாதியாக அறுத்து, உள்ளே குடைந்து, ஒட்டி மூடவேண்டும். குடையாவிட்டால் வாத்து கல்லுப்போலத் தாழ்ந்து மிதக்கும். தலைக்கு வேறு மரம், பாஸ்வுட். அதில் மரத்தின் நார் அலகோடு நேராக ஓடவேண்டும். குறுக்கே ஓடினால் முதல் தட்டிலேயே அலகு முறிந்துவிடும். தலையை உடலில் ஒரு மர ஆணியால் பூட்டி, அடியில் ஈயம் வைத்த பிறகு சோதனை வரும். பட்டறை மூலையில் பழைய குளியல் தொட்டி ஒன்றில் தண்ணீர் நிரம்பி இருக்கும். நோர்மன் வாத்தைத் தலைகீழாக அதில் எறிந்துவிட்டு முதுகைக் காட்டி நிற்பார். திரும்பிப் பார்க்கும்போது அது நிமிர்ந்து மிதக்கவேண்டும். வர்ணம் கடைசியில். அதில் மினுக்கம் ஒரு துளியும் இருக்கக்கூடாது, மினுங்கினால் வாத்து மேலிருந்தே கண்டு திரும்பிவிடும். முதல் கிழமை நான் அடித்த வர்ணம் முழுவதையும் அவர் சுரண்டினார். எங்கள் ஊரில் வாகனம் மினுங்காவிட்டால் காசு தரமாட்டார்கள்.

அங்கே செதுக்கும் மேசை இரண்டு. ஒன்று நோர்மனுடையது. மற்ற மேசைக்காரர் ஒரு கோடையில் வேலையை விட்டு மேற்குப் பக்கம் போய்விட்டார். அந்த மேசைக்கு முன்னால் போய் நின்று, இது எனக்கு வேண்டும் என்று கேட்டேன். பிச்சை கேட்கவில்லை, வேலை கேட்டேன். நோர்மன் ஒரு கத்தியையும் ஒரு மரத்துண்டையும் என் பக்கம் தள்ளினார். என் வாழ்க்கையில் உளி வேலை எனக்கென்று வந்தது அன்றைக்குத்தான். ஐயாவின் சுவாமி ஏறமாட்டாராம். வாத்துக்கு அந்தக் கவலை இல்லை.

ஒரு டசின் பச்சைத் தலை மலார்ட் வாத்துகள் செதுக்கினேன். என் உயிரைக் கொடுத்துச் செதுக்கினேன். நெஞ்சை முன்னே தள்ளி, கழுத்தை நிமிர்த்தி, கண்ணைத் திறந்து, இப்பவே எழும்பிப் போகும்போல ஒவ்வொன்றும் நின்றது. நோர்மன் வழக்கத்தைவிடக் கூட நேரம் தடவினார். பைக்குள்ளும் போடவில்லை, அடுப்புக்குள்ளும் போடவில்லை. ஜன்னலோரம் வரிசையாக வைத்தார். வந்த வாடிக்கையாளர் எல்லாம் நின்று பார்த்தார்கள். எனக்குத் தலைகால் தெரியவில்லை.

வேட்டைக்காலம் தொடங்கியதும் நோர்மன் அவற்றைச் சதுப்புக்குக் கொண்டுபோனார். திங்கட்கிழமை திரும்பிக் கொண்டுவந்து என் மேசையில் கொட்டினார். ஒரு வாத்தும் இறங்கவில்லையாம். எல்லாம் ஒருமுறை வட்டமடித்து வந்து பார்த்துவிட்டு ஏரிப் பக்கம் போய்விட்டனவாம். அன்றுதான் அவர் அதிகம் பேசினார். தண்ணீரில் இருக்கிற வாத்து கழுத்தை நிமிர்த்துவது ஆபத்தைக் கண்டால்தான். நீ செய்தவை பன்னிரண்டும் எதையோ கண்டு பயந்துபோய் நிற்கிற வாத்துகள். மேலே வருகிறது அதைக் கண்டால் இறங்குமா?

எனக்கு அப்போதுதான் விளங்கியது. நான் செய்தவை பன்னிரண்டும் அன்ன வாகனங்கள். சுவாமியைச் சுமக்கிற அன்னம் நிமிர்ந்துதான் நிற்கவேண்டும், கடைசி வரிசையில் நிற்கிற பக்தருக்கும் அதன் தலை தெரியவேண்டும். சதுப்பில் பக்தர் யாரும் இல்லை.

வர்ண மேசைக்குத் திரும்பிப் போ என்றார் நோர்மன். வெளியிலிருந்து ஒரு செதுக்குகாரர் வருகிறார், அடுத்த மாதம் ஒரு திங்கட்கிழமை தொடங்குகிறார் என்றார். முடியாது என்றேன். எனக்கு வந்த ஆங்கிலத்தில் அந்தச் சொல் நன்றாக வரும். இன்னொரு டசின் செய்கிறேன், அந்த ஆள் வருவதற்கு முன்னால் தண்ணீரில் போட்டுப் பாருங்கள், நானும் வருவேன், வாத்து என்ன சொல்கிறது என்பதை என் கண்ணால் பார்க்கவேண்டும் என்றேன். நோர்மன் நாட்காட்டியைப் பார்த்தார். அந்தத் திங்களுக்கு முந்திய சனிக்கிழமை என்றார். இறங்கினால் மேசை உனக்கு, இறங்காவிட்டால் வர்ணம்.

கவலை இல்லாத வாத்து எப்படி இருக்கும்? இதற்கு நான் ஆற்றங்கரைக்கு ஓடவில்லை. இவர் இரவு வேலை முடித்து வந்து சோபாவில் நித்திரை கொள்வார். கழுத்து என்று ஒன்று இருப்பதே தெரியாது. நாடி நெஞ்சுக்குள் புதைந்து, கன்னம் இரண்டும் உப்பி, உலகம் அழிந்தாலும் எனக்கென்ன என்று கிடப்பார். எதிரே கதிரை போட்டு இருந்து பார்த்துக்கொண்டே தலை செதுக்கினேன். ஒன்று அப்படியே இவர்தான். நோர்மன் அதைத் தடவும்போது ஒரு பக்க உதடு சிரித்தது. பைக்குள் போட்டார்.

வேலை முடிந்தது, வில்லங்கம் அதற்குப் பிறகுதான். நோர்மன் குறித்த சனிக்கிழமை கந்தசஷ்டியின் ஆறாம் நாள், சூரன்போர். நாங்கள் இரண்டு பேரும் பிள்ளை வேண்டி ஆண்டுதோறும் அந்த விரதம் இருக்கிறவர்கள். பகல் முழுக்கத் தண்ணீரும் மிளகும், இரவில் பாலும் பழமும். ஏழாம் நாள் பாறணைச் சோறு இருவரும் ஒன்றாக இருந்து சாப்பிட்டு விரதத்தை முடிப்போம்.

விஷயத்தைச் சொன்னதும் இவர் கோப்பையைக் கீழே வைத்தார்.

"விரதத்தோடை உயிர்க்கொலை நடக்கிற இடத்துக்குப் போகப் போறீரோ?"

"நான் சுடேல்லை. பாக்கப் போறன்."

"எல்லாம் ஒண்டுதான். ஆருக்காக விரதம் பிடிக்கிறம் எண்டு மறந்து போச்சே?"

"மறக்கேல்லை. அந்தாள் திங்கட்கிழமை வந்தால் மேசை போயிடும். சஷ்டி அடுத்த வருசமும் வரும்."

"நீர் போனீரெண்டால் பாறணைக்கு நான் உம்மோடை இருந்து சாப்பிடமாட்டன்."

"அப்ப தனிய இருந்து சாப்பிடுறன்" என்றேன். எனக்குக் கோபம் வந்தால் நாக்கு முந்தும். பிள்ளை வேண்டாம் என்று யார் சொன்னார்கள்? ஆனால் முருகன் என் மடியையும் மேசையையும் தராசில் வைத்து ஒன்றைத் தா என்று கேட்கிறவர் என்று நான் நம்பவில்லை. இப்போதும் நம்பவில்லை.

சனி விடியமுன் முழுகி, திருநீறு பூசி, குங்குமம் வைத்து, இரண்டு சோடி காலுறை போட்டு வெளியே வந்தால் கார் இயங்கிக்கொண்டிருந்தது. இவர் உள்ளே இருந்தார். "பஸ் போகாத இடத்துக்கு என்னெண்டு போவீர்?" என்று மட்டும் கேட்டார். ஒஷாவா நகரத்தையும் தாண்டி ஓட்டிக்கொண்டு போனார்.

சதுப்பில் நோர்மனோடு அவருடைய கூட்டாளி கேரியும் இருந்தார், கார்த் தொழிற்சாலையில் வேலை செய்பவர். அவர் என் நெற்றியைப் பார்த்துவிட்டு, அதை அழித்துவிடு, வெள்ளையைக் கண்டால் வாத்து வராது என்றார். அழிக்கமாட்டேன் என்றேன். அழிக்காவிட்டால் படகில் ஏற்றமாட்டேன் என்றார். கம்பளித் தொப்பியைப் புருவம்வரை இழுத்துவிட்டு, இப்போது தெரிகிறதா என்று கேட்டேன். நோர்மன் படகின் முன்பக்கத்தைக் காட்டினார். நான் ஏறிக்கொண்டேன்.

வாத்துகளை இறக்கும் முறையை அன்றுதான் கண்டேன். ஒவ்வொன்றின் அடியிலும் கயிறும் அதன் நுனியில் ஒரு ஈயக்கட்டியும் இருக்கும். கட்டி சேற்றில் ஊன்றினால் வாத்து கட்டிய மாடுபோல ஒரே இடத்தில் நின்று ஆடும். பறவை எப்போதும் காற்றுக்கு எதிராகத்தான் இறங்கும். அதனால் காற்று எந்தப் பக்கம் என்று முதலில் பார்த்து, மரவாத்துகளை இரண்டு கூட்டமாக விட்டு, நடுவில் வெறும் தண்ணீர் வைப்பார்கள். வருகிறவர் இருக்க இடம் வேண்டுமே. பிறகு நாணல் கட்டி மறைத்த பலகைக் கொட்டிலுக்குள் போய் இருந்தோம். அசையக்கூடாது, முகத்தை மேலே தூக்கக்கூடாது. என் பசி சத்தம் போட்டது. கேரி திரும்பி முறைத்தார்.

முதல் கூட்டம் உயரத்தில் போனது. பார்க்கவே இல்லை. கேரி நோர்மனைப் பார்த்து முகத்தைச் சுளித்தார். இரண்டாவது கூட்டம் வட்டமடித்தது. என் பழைய வாத்துகளுக்கும் இவை வட்டமடித்தனதானே என்று நினைத்துக்கொண்டேன். ஒரு வட்டம் போயிற்று. இன்னொன்று சிறிதாகி, தாழ்ந்து வந்தது. பிறகு சிறகு அடிப்பது நின்றது. வளைத்த சிறகோடு, செம்மஞ்சள் கால்களை முன்னே நீட்டிக்கொண்டு, நடுவில் விட்ட வெறும் தண்ணீருக்குள் வந்தன. ஒன்று நேராக இவருடைய முகம் உள்ள மரவாத்துக்குப் பக்கத்தில் போய் இருக்கப் பார்த்தது.

அந்த நேரம் எனக்கு வந்தது மகிழ்ச்சி. வேறு எதுவும் இல்லை. என் கைவேலையை ஒரு உயிர் நம்பியது. மனிதர் பார்த்துப் புகழ்ந்தது வேறு, இது வேறு. மன்றத்தார் வெட்டினாலும் வெட்டட்டும், இந்த வரியை நான் எழுதியே தீருவேன்.

பிறகு வெடி. காது அடைத்தது. மூன்று விழுந்தன, ஒன்று சிறகு முறிந்து தண்ணீரில் சுற்றியது. நோர்மன் படகை விட்டுப் போய் அதை எடுத்து ஒரு திருகில் முடித்தார். நான் முகத்தைத் திருப்பவில்லை. செய்ததைச் செய்தவர் பார்க்கவேண்டும். மனம் இளகியது, கண்ணும் கலங்கியது. அதற்காக நான் செய்தது பாவம் என்று ஒப்புக்கொள்ளமாட்டேன்.

மத்தியானம்வரை இன்னும் இரண்டு கூட்டம் இறங்கியது. மரவாத்துகளைத் திருப்பிச் சேர்க்கும்போது, ஈரக் கயிற்றை ஒவ்வொன்றின் உடலிலும் சுற்றி என்னிடம் தந்துகொண்டே நோர்மன் சொன்னார், திங்கட்கிழமை அந்த ஆளை வரவேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன். அவ்வளவுதான். அடுத்த வாத்துக்குக் கையை நீட்டினேன்.

கரையில் இவர் காரை விட்டு இறங்கி, குளிரில் கையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நின்றார். கேரி இரண்டு ஆண் வாத்துகளைக் கழுத்தில் பிடித்து இவரிடம் நீட்டினார். யாருடைய மரவாத்துக்கு இறங்கியதோ அவர் வீட்டுக்கு முதல் பங்கு, அது அவர்களின் வழக்கம். இவர் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். பங்கை மறுத்தால் மேசையையும் பாதி மறுத்ததாகும். இவர் பழைய பேப்பரை விரித்துக் கார் டிக்கிக்குள் வைத்தார். அந்த மாதத்தில் டிக்கியும் குளிர்பெட்டிதான்.

வீட்டுக்கு வந்து இருவரும் மறுபடி முழுகி, வேட்டியும் சேலையுமாகச் சூரன்போருக்குப் போனோம். அந்தக் காலத்தில் எங்கள் கோயில் ஸ்காபுறோவில் தொழிற்சாலைகளுக்கு நடுவில் ஒரு பண்டகசாலை. சூரன்போர் நடப்பது அதன் கார்த்தரிப்பிடத்தில். விளக்குக்கு வயர் எட்டவில்லை, யாரிடமாவது நீள வயர் இருக்கிறதா என்று கேட்டார்கள். இவர் உதவி என்றால் முந்துகிறவர். "என்னட்டைக் கிடக்கு" என்று சொல்லிக்கொண்டு போய் டிக்கியைத் திறந்தார்.

டிக்கி விளக்கு வெளிச்சத்தில் இரண்டு பச்சைத் தலைகளும் நன்றாகத்தான் தெரிந்தன. பக்கத்தில் நின்றவர் சிவமலர் அக்கா. கோயிலில் பெண்களின் பஜனையை நடத்துகிறவர், எங்களுக்கு முந்தி வந்தவர், பெரிய குரல்.

"என்ன இது? சூரன்போர் அண்டைக்கு?"

"வாத்து அக்கா" என்றேன். "நான் செய்த மரவாத்துக்கு இறங்கினது."

"விரதம் பிடிச்சுக்கொண்டோ போனனீர்?"

"ஓம். பிடிச்சுக்கொண்டுதான்."

ஆட்கள் திரும்பினார்கள். அக்கா நெஞ்சில் கை வைத்தார். "கொலை நடந்த இடத்திலை இருந்து நேரை முருகன்ரை வாசலுக்கு. உதாலைதான் பிள்ளை, உமக்கு அவர் ஒண்டையும் தரேல்லை."

பண்டகசாலைக்குள் தவில் கேட்டது. பல வருடம் என் முதுகுக்குப் பின்னால் கதைத்தது அன்று முகத்துக்கு நேரே வந்தது. நான் அழுவேன் என்று அவர்கள் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"அக்கா, நான் ஆறு வருசமா இந்த விரதம் பிடிக்கிறன். வாத்துப் பட்டறைக்குப் போகத் தொடங்கி ரெண்டு வருசம். அதுக்கு முன்னம் நாலு வருசம் ஒரு வாத்தையும் நான் கண்ணாலை காணேல்லை. அந்த நாலு வருசத்துக்கும் ஆர் பொறுப்பு? அதைச் சொல்லிப்போட்டு மிச்சத்தைச் சொல்லுங்கோ."

பக்கத்தில் இன்னொருவர், "மனுசன் விட்டதாலைதானே உவ உப்பிடிக் கதைக்கிறா" என்றார். இவர் வயரைத் தோளில் போட்டுக்கொண்டு டிக்கியை மூடினார். இவருக்குச் சபையில் பேசிப் பழக்கமில்லை. ஆனாலும் சொன்னார்.

"விட்டதில்லை. நான்தான் கொண்டுபோய் இறக்கினனான். கரையிலை நிண்டு பாத்தனான். எல்லாம் இவ செய்த வாத்தை நம்பித்தான் வந்து இறங்கினது." பிறகு, "லைற் எங்கை பூட்டுறது?" என்று கேட்டார்.

நாங்கள் உள்ளே போனோம். ஒருவரும் தடுக்கவில்லை, தடுத்திருந்தாலும் நான் போயிருப்பேன். மறுநாள் பாறணைக்கு இரண்டு இலை போட்டேன். இவர் வந்து இருந்தார். வாத்து புதன்கிழமை குழம்பாயிற்று. சுட்டதை வீணாக்குவதுதான் தவறு என்று நோர்மன் சொல்வார், அதில் அவர் எங்களில் பலரைவிடச் சைவம்.

எங்களுக்குப் பிள்ளை பிறக்கவில்லை. விரதத்தைத் தொடர்ந்து பிடித்தோம், வைத்தியரிடமும் போனோம், இரண்டு பேரும் தனித்தனியாக அழுதோம், சேர்ந்தும் அழுதோம். ஏன் என்று எனக்குத் தெரியாது, யாருக்கும் தெரியாது. தெரிந்ததுபோல் பேசியவர்களை நான் மன்னிக்கவில்லை. அந்த மேசையில் ஓய்வு பெறும்வரை இருந்தேன்.

சூரன்போர் முடிந்து அடுத்த சனிக்கிழமையும் நோர்மன் சதுப்புக்குப் போவதாக இருந்தது. நான் போவதா விடுவதா என்று முடிவெடுக்கவில்லை. ஒரு கிழமையாகச் சனத்தின் கதை காதில் விழுந்துகொண்டே இருந்தது, கொஞ்சம் களைத்துத்தான் போயிருந்தேன். இருட்டோடு இருட்டாக ஒரு கை என் தோளைத் தட்டியது. இவர் கோட்டுப் போட்டபடி நின்றார்.

"எழும்பும். காத்து மேற்கிலை இருந்து அடிக்குது."